‘சரிக்கா, வர்றேன்’ என்பது ஒப்பந்தமா?

1. பன்னிரண்டு விநாடி

இதை எழுத வேண்டும் என்ற யோசனை எனக்கு வந்த இடம் நீதிமன்றமும் இல்லை, சட்டக் கல்லூரி நூலகமும் இல்லை. காரைக்காலில் எங்கள் அலுவலகத்து ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில், பன்னிரண்டு விநாடி ஓடிய ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவைக் கேட்டுக்கொண்டு நின்றபோது வந்தது. பேசியவர் பன்னீர். நெல் அறுவடை மெஷின் வைத்திருப்பவர். என் வாழ்க்கையின் முதல் வக்கீல் நோட்டீஸை அரை மணி நேரம் முன்புதான் அவருக்கு அனுப்பியிருந்தேன்.

"வக்கீலம்மா, வணக்கம். நான் அந்தக்காகிட்ட வர்றேன்னு சொன்னது நெசந்தான். கெளம்புறேன்னு சொன்னேம்மா. வேற என்னத்த சொல்லிட்டுக் கெளம்புறது? பயிர் நிக்கிற வீட்டுல நின்னுகிட்டு போறேன்னா சொல்லுவாங்க?"

மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் நியாயம் அவர் பக்கமே இருந்தது. ஒப்பந்தச் சட்டத் தாளில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வாங்கியவள் நான். என் பாடப்புத்தகத்தில் ஏற்பு, அதாவது கேட்டதற்குச் சம்மதம் சொல்வது, அதைப் பற்றி மட்டுமே பக்கம் பக்கமாக இருக்கிறது. தபாலில் போட்ட ஏற்பு, தந்தியில் போன ஏற்பு, வழியில் தொலைந்த ஏற்பு என்று எல்லாம் உண்டு. "வர்றேன்" பற்றி ஒரு வரி இல்லை. அதை எழுதியவர்கள் யார் வீட்டுக்கும் போய்விட்டுக் கிளம்பியதே இல்லை போலிருக்கிறது.

ஒப்பந்தச் சட்டத்தின் அடிப்படைகளை நம் ஊர்ப் பேச்சில், ஒரே தாளில் எழுதிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அந்தத் தாளுக்குக் காரணமான சில நாள் கதை இது. இந்தத் தொழிலுக்கு வரப்போகிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். என் அனுபவம் ஒன்றரை வருடம்தான். முப்பது வருட அனுபவம் உள்ளவர்கள் எழுதட்டும் என்று விட்டிருப்பேன். கேட்டும் பார்த்தேன். "எழுதலாம், பாக்கலாம்" என்றார்கள். இந்தக் கதையைப் படித்து முடித்தால் அந்தப் பதிலின் அர்த்தம் உங்களுக்கே விளங்கும்.

2. சீனியர் சரி என்கிறார்

சேர்ந்த முதல் நாளிலேயே எனக்கு ஒரு எச்சரிக்கை கிடைத்திருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

அன்று கறுப்புக் கோட்டு மடிப்புக் கலையாமல் காலை எட்டரைக்கே போய் நின்றேன். அலுவலகம் என்பது பிரெஞ்சுக்காரர்கள் கோடு போட்டது போல நேராக இழுத்துவிட்டுப் போன ஒரு தெருவில் இரண்டு அறை. சீனியர் போனில் இருந்தார். என்னைக் கையால் உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"ம்... சரி... சரிங்க... ஆமா... சரி... ஆகட்டும்... சரி சரி... வச்சிடுறேன்."

கிட்டத்தட்ட ஐந்து நிமிடம். நான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, கட்சிக்காரரின் நிபந்தனைகள் எல்லாவற்றையும் சீனியர் ஏற்றுக்கொண்டார் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

"என்ன கேஸ் சார்?" என்றேன், பேனாவைத் திறந்தபடி.

"தெரியலம்மா. ஒரு வார்த்த வெளங்கல. அந்தாளு பஸ்ல போறாரு."

அன்று சிரித்தேன். பிறகு ஒன்றரை வருடம் ஜெராக்ஸ் எடுத்தேன், வாய்தா தேதி குறித்தேன், கோர்ட்டு ஃபீ ஸ்டாம்பு ஒட்டினேன். ஒப்பந்த வழக்கு ஒன்று வராதா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததெல்லாம் பாகப் பிரிவினையும் செக் பவுன்ஸும்தான்.

3. ஆறு மா நெல்

புதன்கிழமை காலை பத்து மணி. சீனியர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். வரிச்சிக்குடியிலிருந்து பஸ் பிடித்து ஒரு அக்கா வந்தார். பெயர் தனலட்சுமி. நாற்பத்தைந்து வயது இருக்கும். காலில் காய்ந்த சேறு. வயலிலிருந்து நேராக வந்திருந்தார்.

"வக்கீலு இல்லைங்களா?"

"நானும் வக்கீல்தாங்க."

என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுபடி பஸ் ஏறுவதா உட்காருவதா என்று ஒரு நிமிடம் யோசித்தது தெரிந்தது. பிறகு, வேறு வழியில்லை என்கிற முகத்தோடு உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். அக்காவுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். சம்பா விளைந்து தலை சாய்ந்து நிற்கிறது. வீட்டுக்கு ஒரு வருடத்துச் சோறும் அடுத்த வருடத்து விதையும் அதில்தான். பள்ளமான வயல், இன்னும் ஈரம் காயவில்லை. டயர் வைத்த மெஷின் இறங்கினால் புதைந்துவிடும். சங்கிலிப் பட்டை போட்ட பெல்ட் வண்டிதான் இறங்க முடியும். அந்த வாரம் சுற்றுவட்டாரத்தில் இருந்த பெல்ட் வண்டி இரண்டு. ஒன்று நாகப்பட்டினம் பக்கம் போய்விட்டது. மற்றது பன்னீருடையது. வெள்ளிக்கிழமையிலிருந்து மழை என்று எல்லாருடைய போனும் சொல்லிக்கொண்டிருந்தது. சாய்ந்த கதிர் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தால் வயலிலேயே முளைத்துவிடும்.

"ஞாயித்துக்கெழம பன்னீரு தம்பி வந்து வயலப் பாத்துச்சுங்க. வியாழக்கெழம அறுத்துக் குடுத்துடுங்க தம்பி, மணிக்கு ஒங்க ரேட்டு என்னமோ அதுதான்னு சொன்னேன். சரிக்கா, வர்றேன்னுச்சு. நேத்து சாயந்தரம் பாத்தா, பக்கத்து வயக்கார வாத்தியாரு வியாழக்கெழம எனக்குத்தான் மெஷினுங்கிறாரு."

"நீங்க முன்னாடி இவர்கிட்ட மெஷின் பேசியிருக்கீங்களா அக்கா?"

"இத்தன வருசமா எங்க வீட்டுக்காரருதான் பேசுவாரு. இந்த வருசம் அவரு கோயம்புத்தூருல வேன் ஓட்டப் போயிட்டாரு. நானா பேசுனது இதுதான் மொதத் தடவ."

இந்தத் தகவலின் முக்கியத்துவம் எனக்குப் புரியவில்லை. நான் பரவசத்தில் இருந்தேன். மனதுக்குள் டிக் அடித்துக்கொண்டே போனேன். முன்மொழிவு: "வியாழக்கெழம அறுத்துக் குடுத்துடுங்க." டிக். மறுபயன், அதாவது ஒருவர் செய்வதற்குப் பதிலாக மற்றவர் தருவது: "மணிக்கு ஒங்க ரேட்டு." டிக். ஏற்பு: "சரிக்கா, வர்றேன்." இரண்டு டிக். நிபந்தனை ஏதும் இல்லாத முழுமையான ஏற்பு, ஒப்பந்தச் சட்டத்தின் ஏழாவது பிரிவு கேட்பதைப் போலவே. ஒன்றரை வருடம் கழித்து எனக்கென்று பிறந்த ஒப்பந்தம்.

"அக்கா, இது ஒப்பந்த மீறல். நஷ்டஈடு கேக்கலாம்."

"நஷ்டஈடெல்லாம் வேணாங்க. மெஷினு வரணும்."

"அதுக்கும் நோட்டீஸ் விடலாம்."

ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் அடித்தேன். எதிர்த்தரப்பு ஐயத்துக்கு இடமின்றி, மாற்ற முடியாதவாறு, நேரில் வந்து அறுவடை செய்ய உறுதியளித்ததாக எழுதினேன். உறுதியளித்தவர் தன் மெஷினுக்கு கிரீஸ் போட்டுக்கொண்டிருப்பவர் என்பது அந்த இங்கிலீஷைப் படித்தால் யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டு, ஒப்புகை அட்டை இணைத்துப் பதிவுத் தபால் கவரில் வைத்து ஒட்டினேன்.

அக்கா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பங்க போயிச் சேரும்?"

"மூணு நாள் ஆகும்க்கா."

"மழ வெள்ளிக்கெழமைங்க."

கவரைத் தபாலில் சேர்த்துவிட்டு, நோட்டீஸைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். அதற்கு வந்த பதில்தான் அந்தப் பன்னிரண்டு விநாடி.

4. சீனியரின் கருத்து

மதியம் சீனியர் வந்தார். நோட்டீஸின் நகலை நின்றபடியே படித்தார்.

"நல்ல இங்கிலீசு. மழைக்கு ஒரு காப்பி அனுப்பினியா?"

குரல் பதிவையும் போட்டுக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பு அடங்க நேரம் ஆனது.

"ஏம்மா நிவேதா, தெனமும் சாயந்தரம் நீயும்தான் ‘வர்றேன் சார்’னுட்டுக் கெளம்புற. பத்து நிமிசத்துல திரும்பி வரலையேன்னு நான் ஒனக்கு நோட்டீஸ் விட்டனா?"

"இல்ல சார், ஆனா சூழ்நிலைய வச்சுப் பாத்தா..."

"பாத்துட்டு வா. வண்டிக்குப் பெட்ரோல் இருக்குல்ல?"

அதோடு சாப்பாட்டுக் கேரியரைத் திறந்துவிட்டார். அவரிடமிருந்து கிடைத்த சட்ட ஆலோசனை முழுவதும் அவ்வளவுதான்.

அக்கா அதுவரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் மழைப் படத்தை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டேன்.

5. குறுக்கு விசாரணை, ரோட்டோரம்

பன்னீரின் வண்டி வரிச்சிக்குடி தாண்டி ரோட்டோரம் நின்றிருந்தது. பெல்ட்டில் ஒரு கண்ணி விட்டுப்போய், அவர் அடியில் படுத்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது. எழுந்து வந்து, கை கிரீஸாக இருந்ததால் முழங்கையால் வணக்கம் வைத்தார்.

"நோட்டீசு விட்ட வக்கீலம்மா நீங்கதானா? என்னமோ பெரிய வயசுன்னு நெனச்சேன். இங்கிலீசு அப்புடி இருந்துச்சு."

நான் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை. வெயிலில் வேர்த்து ஊற்றியது. ஆனாலும் விசாரணை என்றால் விசாரணை.

"ஞாயித்துக்கிழமை இந்த அக்கா வியாழக்கிழமைன்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"நீங்க சரிக்கா, வர்றேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். ஆனா எப்ப சொன்னேன்னு கேளுங்க."

கேட்டேன். அலுவலகத்திலேயே கேட்டிருக்க வேண்டும். வயலில் நின்றபோது அக்கா வியாழக்கிழமை என்றார். அதற்குப் பன்னீர் சொன்ன பதில்: "ம்... ஈரமாத்தான் கெடக்கு." பிறகு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். டீ வந்தது. பன்னீரின் பெரிய பெண்ணுக்கு வரன் பார்ப்பது பற்றி ஒரு இருபது நிமிடம் பேச்சு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தபோதுதான் "சரிக்கா, வர்றேன்."

"சரிக்கான்னா?"

"டீ குடிச்சாச்சுன்னு அர்த்தம்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நான் வாங்க தம்பின்னு சொன்னேனே! வந்து அறுங்கன்னுதானே சொன்னேன்?"

"அக்கா, கெளம்புறவங்களப் பாத்து வாங்கன்னு சொல்லாம வேற என்னக்கா சொல்லுவாங்க? போங்கன்னா?"

அந்த இடத்தில் எனக்குப் பதின்மூன்றாவது பிரிவு ஞாபகம் வந்தது. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். தேர்வில் அடிக்கோடு போட்டு எழுதிய வரி. இங்கே ஒருவர் "வாங்க" என்கிறார், ஒருவர் "வர்றேன்" என்கிறார். காகிதத்தில் பார்த்தால் உலகத்திலேயே அழகான முன்மொழிவும் ஏற்பும். உண்மையில் நடந்தது, வாசலில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் வழியனுப்பிக்கொண்டது. ஒப்பந்தம் என்று ஒன்று பிறக்கவே இல்லை. நான் இரண்டு பக்கத்தில் மீறப்பட்டதாக எழுதியது ஒரு விடைபெறலை.

இதை அக்காவிடம் சொல்ல வேண்டும். சொன்னேன்.

"அக்கா, சட்டப்படி... நமக்கு ஒண்ணும் இல்லக்கா."

அவர் என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. திரும்பி வயல் பக்கம் பார்த்தார். கிழக்கே வானம் பளிச்சென்றுதான் இருந்தது.

"அப்ப கருக்கருவா எடுத்துகிட்டு நானே எறங்க வேண்டியதுதான்" என்றார். இரண்டு ஏக்கரை, ஒரே ஆள், கையரிவாளால், ஒரு நாளில்.

6. வாத்தியாரும் வைத்துவிட்டார்

எனக்குத் தோற்கவும் தெரியவில்லை, சும்மா இருக்கவும் தெரியவில்லை. ஆகவே கேட்டேன்.

"சரி, வாத்தியாருக்கு என்ன சொன்னீங்க?"

"அவரு போன் பண்ணாரு. வியாழக்கெழம மெஷின வச்சிடுறீங்களான்னாரு. அப்ப வண்டி ஓடிக்கிட்டிருக்கு, ஒண்ணும் கேக்கல. சரி சார், வச்சிடுறேன்னேன்."

"எத வச்சிடுறேன்னீங்க?"

பன்னீர் வாயைத் திறந்தார். மூடினார். "போனத்தான்."

முதலில் சிரித்தது அக்காதான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பன்னீரும் விட்டுப்போன கண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். வாத்தியாரும் ஒரு விடைபெறலைத்தான் ஒப்பந்தம் என்று வைத்திருக்கிறார்.

"வேற யாருக்காச்சும் வியாழக்கிழமை சொல்லியிருக்கீங்களா?"

"இன்னும் ரெண்டு பேரு ‘பாக்கலாம்’ல இருக்காங்க."

"அப்புறம் எப்படித்தாங்க முடிவு பண்ணுவீங்க?"

"காலையில யாரு வந்து வண்டிக்கு முன்னாடி நிக்கிறாங்களோ, அவங்க முன்னால நடப்பாங்க. வண்டி பின்னால போவும். அவங்க வயல்ல எறக்குவேன்." இதைச் சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதைப் போலச் சொன்னார். "அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். வீட்டுல சொல்லலையாக்கா?"

அக்காவின் வீட்டுக்காரர் சொல்லவில்லை. அவருக்கு இது சொல்ல வேண்டிய விஷயமாகவே பட்டிருக்காது. நடத்தையால் ஏற்பது என்று புத்தகத்தில் ஒரு தனித் தலைப்பே இருக்கிறது. படித்திருக்கிறேன். அது விடிந்ததும் ரோட்டில் ஒரு மெஷினுக்கு முன்னால் நடப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"நாளைக்கு வாத்தியாரும் வந்து நிப்பாரே?"

"நிப்பாரு. ஆனா அவரு வயலுக்குப் போறதுதான் கஷ்டம். பின்னாடி கெடக்குல்ல, வாய்க்கா மேட்டு வழியாத்தான் போவணும். கரை ஒடஞ்சு கெடக்கு. காலையில போயிப் பாத்துத்தான் இந்தக் கண்ணியே விட்டுச்சு."

இதைக் கேட்டதும் அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

"தம்பி, என் வயல்தானே ரோட்டோரம். அத அறுத்துட்டா நேரா வாத்தியாரு வயல்ல எறங்கிக்கலாம்ல?"

"எறங்கிக்கலாம். ஆனா நீங்க உளுந்து தெளிச்சிருக்கீங்களே. முளைச்சு நிக்குது. போயி வந்தா நசுங்கிடும்க்கா."

டெல்டாக்காரர்களுக்குத் தெரியும்: அறுப்புக்கு முன்பே நிற்கிற நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். ஈரம் காய்வதற்குள் அது முளைத்து வளர வேண்டும். மெஷின் ஒரு தடவை அறுத்துப் போனால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். திரும்பத் திரும்பப் போனால் அந்தத் தடத்தில் உளுந்து கிடையாது.

அக்கா வயல் பக்கம் கையைக் காட்டினார். "வடக்கு ஓரமா ஒரு தடம் வுட்டுடுறேன். போவட்டும்."

ஒருவர் இன்னொருவருக்காகத் தன்னிடமிருந்து எதையாவது விட்டுக்கொடுத்தால் அதுவும் மறுபயன்தான் என்று சட்டம் சொல்கிறது. கல்லூரியில் அதற்கு எங்களுக்குச் சொன்ன உதாரணங்களில் கப்பல் வந்தது, பஞ்சு மூட்டை வந்தது. ஒரு வரி உளுந்து வரவில்லை.

பன்னீர் உடனே வாத்தியாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், மொதல்ல தனலட்சுமி அக்கா வயலு, ரெண்டு மணி நேரம். அப்புறம் அதுக்குள்ளாறயே ஒங்க வயலுக்கு."

"வாய்க்கா மேடு வேணாமா அப்ப? சரி சரி."

"எந்த சரி சார்?" என்று நான் நடுவில் கேட்டேன்.

"யாரது?"

"வக்கீலம்மா சார்" என்றார் பன்னீர்.

பிறகு வாத்தியாரின் குரல், வகுப்பில் பேசுவது போல நிறுத்தி நிதானமாக: "எனக்குப் பூரண சம்மதம்."

7. நோட்டீஸின் பின்பக்கம்

இந்தத் தடவை விடுவதாக இல்லை. எழுதிவிடலாம் என்றேன். கையில் இருந்த ஒரே காகிதம் நோட்டீஸின் நகல். அதன் பின்பக்கத்தில், பெல்ட் மேல் வைத்து எழுதினேன். யார் யாருக்கு, எந்த வயல், எத்தனை மா, எந்த வண்டி, மணிக்கு என்ன வாடகை, வடக்கு ஓரம் தடம்.

"காலை ஆறு மணி" என்று எழுதியதும் இரண்டு பேரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் முன்னால் எதிர்க்கட்சியாக இருந்தவர்கள், இப்போது ஒரே கட்சி.

"தங்கச்சி, இந்த மாசத்துல ஆறு மணிக்குப் பனி கொட்டும். நனைஞ்ச நெல்லு மெஷினுல சுத்திக்கும். பனி விட்டாத்தான் எறக்க முடியும்" என்றார் பன்னீர்.

"பனி விட்டதும்னு எழுதுங்க பாப்பா" என்றார் அக்கா.

"பனி எப்ப விடும்?"

"விடும்போது விடும்."

இருபத்தொன்பதாவது பிரிவு: அர்த்தம் நிச்சயமில்லாத, நிச்சயமாக்கவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது. இதை விளக்கினேன். இரண்டு பேரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள், சின்னப் பிள்ளை பாட்டு ஒப்பிக்கும்போது கேட்பது போல. கடைசியில் எழுதியது: ஒன்பது மணிக்கு வண்டி அக்கா வயல் வரப்பில் நிற்க வேண்டும், கதிரில் கை வைத்தால் ஈரம் ஒட்டாத நேரத்தில் இறக்க வேண்டும். கை வைத்துப் பார்ப்பது அக்கா. இதைவிட நிச்சயமான ஒரு நிபந்தனையை நான் எந்த ஒப்பந்தத்திலும் படித்ததில்லை.

"இப்ப நீங்க வாயால ஒரு தடவ சொல்லுங்கண்ணே. வர்றேன்னு சொல்லக் கூடாது."

பன்னீர் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு ஒம்பது மணிக்கு, அக்கா வயல்ல, நம்ம பெல்ட்டு வண்டிய எறக்குறேன்."

எறக்குறேன். அதுதான் சொல். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை என்பதிலேயே எல்லாம் இருந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டார். ஒரு கட்டைவிரல் ரேகை அளவுக்கு கிரீஸும் சேர்ந்து விழுந்தது.

8. ஒன்பது இருபத்தைந்து

வியாழக்கிழமை எட்டே முக்காலுக்கு வயலில் நின்றேன். ஒன்பது ஆனது. வண்டி இல்லை. ஒன்பது பத்து, இல்லை. மனதுக்குள் இரண்டாவது நோட்டீஸைத் தயாரிக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை தமிழில், இன்னும் கோபமாக.

"வண்டிக்கு முன்னாடி போயி நிக்கட்டா பாப்பா?" என்றார் அக்கா. அவர் முகம் வெளுத்திருந்தது. கிழக்கே கடல் பக்கம் கொஞ்சம் கறுப்பு தெரிந்தது.

"வேணாங்க்கா. எழுதியிருக்கோம்ல" என்றேன். எழுதியிருக்கிறோம் என்ற ஒன்றை மட்டும் நம்பி, வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு வழக்கத்தை விடச் சொல்கிறேன். என் காகிதம் தோற்றால் முளைக்கப்போவது என் நெல் இல்லை.

ஒன்பது இருபத்தைந்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. முன்னால் யாரும் நடக்கவில்லை. வாத்தியார் சைக்கிளில் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அக்கா வரப்பில் இறங்கிக் கதிரைக் கையில் பிடித்து, உள்ளங்கையைப் பார்த்தார். "ஒட்டல. எறக்கலாம்."

பதினொன்றரைக்கு முடிந்தது. உளுந்துத் தடத்தின் மேல் வண்டி வாத்தியார் வயலுக்குப் போனபோது அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் நெல்லை மூட்டை கட்டினார். மழை வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை காலை வந்து இரண்டு நாள் கொட்டியது. போனில் வந்த வாக்குறுதி அது, நம்பி நோட்டீஸ் விட முடியாது.

9. திங்கட்கிழமை

திங்கட்கிழமை பன்னீர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் என் பதிவுத் தபால். அன்றுதான் கிடைத்ததாம்.

"தங்கச்சி, இத என்ன பண்றது? கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். மெஷின எறக்கச் சொல்லி எழுதியிருக்கீங்களாம். மவ படிச்சுச் சொன்னுச்சு. அறுத்தாச்சே?"

"வச்சுக்குங்கண்ணே."

"எத, போனையா?" என்றார். உள்ளே சீனியர் சிரிப்பது கேட்டது.

நான் எழுதிக்கொண்டிருக்கும் தாளைக் காட்டினேன். ஐந்து கேள்வி: யாருக்கும் யாருக்கும்? என்ன வேலை? எப்போது? பதிலுக்கு என்ன? கேட்டதை அவர் தன் வாயால் திருப்பிச் சொன்னாரா? கீழே கட்டம் கட்டி ஒரு வரி: சரி, ம், ஆகட்டும், பாக்கலாம், வர்றேன், வச்சிடுறேன் - இவை எதுவும் சம்மதம் ஆகாது. அடுத்த குறுவை அறுப்புக்கு முன்னால் இதை அவர் வண்டிக் கதவில் ஒட்ட வேண்டும் என்றேன்.

படித்துப் பார்த்தார். "நல்லாருக்கு தங்கச்சி. பாக்கலாம்."

பேனாவால் கட்டத்தைத் தட்டிக் காட்டினேன்.

"அட ஆமால்ல. ஒட்டுறேன், ஒட்டுறேன். அச்சடிச்சுக் கொண்டாங்க, கதவுலயே ஒட்டுறேன்." எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். "சரி தங்கச்சி, வர்றேன்."

"எப்பண்ணே?"

வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, ரொம்ப நேரம் யோசித்தார். அவரிடமும் வேறு சொல் இல்லை.

இத்தனையிலும் நான் கற்றது ஒன்றுதான். எதிரில் இருப்பவர் ஆமாம் சொன்னாரா என்று கேட்டு நிறுத்தக் கூடாது. எதற்கு ஆமாம் சொன்னார், அதற்கு முன்னால் டீ வந்ததா என்பதையும் கேட்க வேண்டும். பிரிவு எண்கள் பிறகு.

இந்த ஞாயிற்றுக்கிழமை தாளை எடுத்துக்கொண்டு வரிச்சிக்குடிக்குப் போகிறேன். தனலட்சுமி அக்காவை உரக்கப் படிக்கச் சொல்லப்போகிறேன். அவர் எந்தச் சொல்லில் தயங்கி நிற்கிறாரோ அதை வெட்டிவிடுவேன். மறுபயன் முதலில் போகும் என்று நினைக்கிறேன். பிறகு அச்சு, பிறகு பன்னீர் அண்ணன் வண்டி, முடிந்தால் நாகப்பட்டினம் போன அந்த இன்னொரு பெல்ட் வண்டியும். டீ கொடுப்பார்கள், குடிப்பேன். கிளம்பும்போது என்ன சொல்வது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. அதுவரை வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டு வண்டியை எடுப்பதாக இருக்கிறேன்.